உப்பு மூட்டைகளுக்கு பெல்ட் போட்டவன்

கிஸ்பர்ட் நோல்டே மேல் எனக்கு ஒன்பது வருடக் கோபம். ஆள் செத்துப்போய்விட்டான் என்பதற்காக அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வருடாவருடம் மே மாதம் சோர்ப்பே ஏரிக்கரையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுவோம். கோபம் தொடங்கிய வருடம் கிஸ்பர்ட்டின் ஓப்பல் அஸ்கோனா காரை அழகுக்காகத் தாழ்த்திக் கொடுத்தவன் நான். எழுபத்தொன்பதாம் வருடத்து வண்டி, செம்பு நிறம். முன்னால் ஆறு சென்டிமீட்டர் இறக்கினேன், பின்னால் நாலு. குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், அகல ரிம். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. நிறுத்தி வைத்தால் வண்டி தரையோடு படுத்துக் கிடப்பது போல இருக்கும். அதற்கு முன் அப்படி ஒரு வேலையை நான் செய்ததில்லை.

கொடுக்கும்போதே சொல்லியிருந்தேன். புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமரும், வளைவில் காதைத் தீட்டிக்கொள், துணி கிழிகிற மாதிரி சத்தம் வந்தால் அன்றைக்கே கொண்டு வா, விளிம்பை இன்னும் மடக்கித் தருகிறேன் என்று. தலையை ஆட்டிவிட்டுப் போனான். வரவேயில்லை.

மூன்று வாரம் கழித்து ஏரிக்கரையில் பார்த்தால், பின்பக்க இடது டயர் உள்ளே இருக்கும் நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. ஹோல்கர் என்று ஒருத்தன், பக்கத்து ஊரில் பட்டறை வைத்திருக்கிறான். கையில் சாசேஜ் ரொட்டியோடு குனிந்து பார்த்தான்.

"யாரு வேலைடா இது? யோக்கெனா? டயரை சீஸ் மாதிரி சீவி வச்சிருக்கான்."

யோக்கென் நான்தான். சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். நான் கிஸ்பர்ட்டைப் பார்த்தேன். 'சத்தம் வந்தது, நான்தான் கொண்டு போகவில்லை' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் என் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு வண்டிகள் வரவில்லை. யார் வண்டியில் டயர் தேய்ந்தாலும் 'யோக்கென் சீவல்' என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். அதோடு கிஸ்பர்ட் என் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பழைய உயரமான ஸ்பிரிங்குகளையே திரும்பப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டித் திரிந்தான். என் பட்டறையைத் தாண்டித்தான் தினமும் போவான். ஒன்பது வருடம் அவனுக்கு நான் கை காட்டவில்லை.

எங்கள் ஊர் ப்ளெட்டன்பெர்க். பதினாறு வயதில் சம்மட்டி ஆலையில் சேர்ந்தவன் அவன். பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் இயந்திரச் சம்மட்டி விழுந்தால் தெருவில் நிற்பவனுக்கு உள்ளங்கால் அதிரும். அதன் அடியில் நாற்பத்தைந்து வருடம் நின்றான். மனைவி தொண்ணூற்று நாலில் ஹாகனுக்குப் போனவள் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. மூடிப்போன ரொட்டிக்கடைக்கு மேலே குடியிருந்தான். தின்பண்ட வண்டியில் வாய் திறந்து கேட்க மாட்டான், விரலால் காட்டுவான். பியர் கடையில் முதுகைச் சுவரில் சாய்த்து மூலையில் உட்காருவான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் பிடித்தவன் என்றார்கள். மற்றவர்களை விடச் சத்தமாக நானும் சொன்னேன்.

போன வருடம் மார்ச்சில் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய என் ஸ்பிரிங்குகள். பின்பெட்டியில் நாலு ரிம், அந்தக் காலத்து நட்சத்திர வடிவம், பதினைந்து அங்குலம். எத்தனையோ வருடம் தேடிப் பிடித்ததாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது, வண்டியை மறுபடி இறக்க வேண்டும், மே மாதம் ஏரிக்கரைக்கு இறக்கிய வண்டியில்தான் போக வேண்டும், இம்முறை ஆர்.சி. புத்தகத்திலும் முறையாகப் பதிய வேண்டும் என்றான். வேறு ஆளைப் பார் என்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ செஞ்சதுதான் நல்லா இருந்துச்சு" என்றான்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினேன்.

அந்தப் பழைய ரிம்கள் முன்னதை விட ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நின்றன. அதனால் டயரை ஒரு அளவு ஒல்லியாக எடுத்தேன். மட்கார்டு விளிம்பைச் சூடான காற்றடித்து இளக்கி, பெயின்ட் வெடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடக்கினேன். ஸ்பிரிங்கைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தபோது அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இடது பக்கம் 8 மி.மீ.'

இந்த வண்டியின் பின் அக்சிலை ஒரு குறுக்குக் கம்பிதான் இழுத்துப் பிடிக்கிறது. வண்டியை இறக்கினால் அந்தக் கம்பி அக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும். கம்பியின் நீளத்தை மாற்றி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிரிங்கைப் போட்டு அளந்தேன். எட்டு மில்லிமீட்டர், இடது பக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதை நான் அளக்கவில்லை. கழற்றியபோது அவன் அளந்திருக்கிறான். தப்பு என்னுடையது என்று தெரிந்துகொண்டே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

கம்பியைச் சரிசெய்தேன்.

பரிசோதனை நிலையத்தில் வீமன் என்ற அதிகாரி, கறாரான மனிதர். வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். முழு எடையில் டயர் எங்கேயும் உரசக் கூடாது, அதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கிஸ்பர்ட் வந்திருந்தான். வண்டிக்குள் பனிக்காலத்தில் சாலைக்குப் போடும் உப்பு மூட்டை, இருபத்தைந்து கிலோ வீதம் பன்னிரண்டு. முன் சீட்டில் மூன்று, பின் சீட்டில் ஒன்பது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒழுங்காக பெல்ட் மாட்டியிருந்தான்.

ஆள் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"மூட்டைன்னா சொன்ன நேரத்துக்கு வரும்" என்றான்.

நான் சிரித்தேன். கேட்டிருந்தால் நான் வந்து உட்கார்ந்திருப்பேனா என்று அப்போது யோசித்தேன். வந்திருக்க மாட்டேன்.

வீமன் ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றச் சொல்லி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக உருட்டச் சொன்னார். உருட்டியதும் முன்பக்க வலது டயர் உரசியது. கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். கிஸ்பர்ட் முன்னால் பார்த்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வீமன் பின்னாலிருந்து, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று மூன்று தடவை கத்தினார். வண்டி உருண்டுகொண்டேயிருந்தது. நான் ஓடிப்போய் பானட்டில் இரண்டு கையையும் வைத்தேன். நிறுத்தினான். என் வாயைப் பார்த்தான். நான் குரல் கொடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: உரசுது.

"எந்தப் பக்கம்?" என்றான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வீமன் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்து மூட்டைகளை இறக்கும்போது, எவ்வளவு காலமாக என்று முகத்துக்கு நேரே நின்று கேட்டேன். இரண்டாயிரத்து மூன்றிலிருந்து என்றான். ஆலையில் வருடத்துக்கு ஒரு முறை காது சோதனை வரும், நர்ஸின் கை பொத்தானுக்குப் போவதைப் பார்த்து விரலைத் தூக்கிவிடுவானாம். தெரிந்தால் சம்மட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயம். பிறகு யாரிடமும் சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது என்றான்.

அளந்து பார்த்தாயே, அன்றைக்கே என் முகத்தில் வீசியிருக்கலாமே என்றேன்.

"உன் தப்புன்னு சொன்னா, சத்தம் வந்தப்போ ஏன் நிறுத்தலன்னு ஹோல்கர் கேப்பான். அதுக்கு நான் என்ன சொல்றது?" என்றான். "நீ பெரிய வாய்க்காரன், சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

முன்பக்க விளிம்பை இன்னும் மடக்கி, ரிம்முக்குப் பின்னால், அதை வெளியே தள்ளி நிறுத்த வைத்திருந்த தட்டை மெல்லியதாக மாற்றினேன். மே முதல் வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை எட்டு மூட்டை, பாக்கிக்கு நான். என் எடை நூற்றெட்டு கிலோ. பின் சீட்டில் உப்புக்கு நடுவில் சிக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. வீமன் கையெழுத்துப் போட்டார். கிஸ்பர்ட் அந்தத் தாளை இரண்டாக மடித்து, விரித்து, மறுபடி மடித்தான். மூட்டைகளை இறக்கிவிட்டு, வீடு வரைக்கும் என்னைப் பின் சீட்டிலேயே உட்கார வைத்துக் கூட்டிவந்தான். முன்னால் வா என்று சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. அந்த வண்டியில் ஆள் ஏறி எத்தனை வருடமோ.

ஏரிக்கரைக் கூட்டம் அதே மாதம் பத்தொன்பது, ஞாயிறு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாடிப்படியில் விழுந்து கிடந்தான். மாரடைப்பு. அடக்கத்துக்குப் போதகரையும் சேர்த்து ஆறு பேர். வண்டி ஹாகனில் இருக்கும் ஒரு மருமகன் முறைக்காரனுக்குப் போயிற்று. அவன் அதை உயர்த்திவிட்டான் என்று கேள்வி.

விழுந்ததற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பட்டறைக்கு வந்திருந்தான். நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். குனிந்து என் முகம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பேசினான்.

"ஸ்பிரிங் இந்தப் பத்து நாள்ல இன்னும் அமந்திருக்கும், சத்தம் வந்தா எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை ஏரிக்கு நீயும் வா. பின்னால உக்காரு. உரசிச்சுன்னா என் தோளைத் தட்டு."