படிக்கட்டில் ஈரச் செருப்பு

1. கழற்றி வைத்தவை

குடிநோயாளிகளுக்கான டி-அடிக்ஷன் வார்டு ஒன்றில் ஆண் செவிலியராகப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு கள்ளக்குறிச்சியில், ஒரு மாவு மில்லின் மாடியறையில், குடியை விட முயல்வோர் ஞாயிறு பிற்பகலில் கூடும் குழுவை நடத்தி வருகிறேன். இந்த வேலைக்கு வரும் இளையோருக்காக ஒரு நிகழ்ச்சியை எழுதி வைக்கிறேன்.

விளக்கேற்றி ஒரு பதிகம் பாடித்தான் கூட்டத்தைத் தொடங்குவேன். ஆகவே எல்லோரும் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு வருவார்கள். கருணாபுரத்து விஷச் சாராயச் சாவுகளுக்கு அடுத்த கோடை அது. ஒரு ஞாயிறு, மேற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் ஈரமாக இருந்தது. வெளியே தார் உருகும் வெயில். மற்றவை தாறுமாறாகக் கிடக்க, அது மட்டும் முனைகள் அறையை நோக்கி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின்பும் அது அங்கேயே இருந்தது. கதவைப் பூட்டி, சாவியை மில்லுக்குள் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். ஈரத் தடம் மட்டும் இருந்தது.

அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. கதவோரத்து நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை.

"அங்க ஆள் இருக்குது சார்" என்றார் குழுவிலிருந்த ஒரு கொத்தனார். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. வெள்ளிமலைக்காரர்

கோவிந்தன் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டுபவர். வார்டில் சிகிச்சை முடித்து, அங்கே ஒட்டியிருந்த எங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தார். மில்லுக்கு எதிரே டீக்கடையில் அவர் வழி கேட்டது மாடிக்கே கேட்டது.

"குடிக்காதவங்க சங்கம் எங்கண்ணா?"

"நம்மூர்ல அப்பிடி ஒண்ணு இருக்குதா? ஏறிப் பாரு. இருந்தா எனக்கும் சொல்லு."

நான் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். கோவிந்தன் மேற்படிக்கு முன்னால் நின்றுவிட்டிருந்தார். 

"சார், இது யாருது?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும். ராமுது. என் கூட்டாளி, கருணாபுரத்து லோடுமேன் ராமு. வார் அந்துபோச்சுன்னு நான்தான் கிளச்சு ஒயரு போட்டுக் கட்டிக் குடுத்தேன். அவன் போன வருசம் அந்தச் சாராயத்துல செத்துப் போய்ட்டான் சார்."

குனிந்து பார்த்தேன். இடது வாரில் முறுக்கிய கம்பி இருந்தது.

குடியை நிறுத்தியதும் வரும் வித்ட்ராயலில் இருப்பவருக்கு இல்லாதது தெரியும். பூச்சி தெரியும், செத்தவர் தெரிவார். "அப்படி ஒன்றும் இல்லை" என்று அவரிடம் வாதிடக் கூடாது என்பது வார்டில் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடம். ஆனால் இது என் கண்ணுக்கும் தெரிந்தது. அதற்கு எந்தப் பாடமும் என்னிடம் இல்லை.

"என்ன இட்டுகினு போவத்தான் வந்துகினு இருக்கான்" என்று சொல்லிக் கோவிந்தன் படியிறங்கி ஓடினார். இந்த அச்சத்தோடு தெருவுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் சாராயப் பாக்கெட் கைக்கு வந்துவிடும். மறுநாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஜீப்பும் ஓட்டுவார். நானும் பின்னால் ஓடினேன்.

3. மில் வாசலில்

மில் வாசலில் ஒரு பெண் எழுந்து நின்றார். அவரைக் கண்டதும் கோவிந்தன் நின்றுவிட்டார்.

"கோவிந்தா, நீயா?" என்றார் அவர். ராமுவின் மனைவி செல்வி. வாராவாரம் மாவு அரைக்க வந்தவரைப்போல் அங்கே அமர்ந்திருந்தவரை நான் கவனித்ததே இல்லை.

"செருப்பு வெக்கிறது நீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார். போன வருசம் அந்த ஞாயித்துக்கெழம உங்க கூட்டத்துக்கு வரேன்னுதான் அவுரு வூட்ட வுட்டுக் கெளம்புனாரு. வந்து சேரல. அவுரு கால்ல கெடந்தது இது. வாந்தி நாத்தம் போவ மாட்டேங்குது, கழுவிக் கழுவிக் கொண்டாந்து வெச்சிட்டு, எல்லாரும் போனதும் எடுத்துகினு போறேன். செருப்பாவது வந்து சேரட்டும்."

கோவிந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை விழுங்கினார். நஞ்சைக் கண்டத்தில் நிறுத்திய பெருமானை நாள்தோறும் பாடுகிறவன் நான். அவன் நிறுத்தியது உலகம் பிழைக்க. மனிதன் கண்டத்தில் நிறுத்தும் நஞ்சு அவனையே கொல்லும் என்பதை அந்த முகத்தில் கண்டேன்.

"அண்ணி" என்றார் கடைசியில். "வந்துகினு இருந்தவன நான்தான் வழியில மறிச்சேன். 'ஒரே ஒரு பாக்கெட்டு, அப்பால போலாம்'னேன். எனக்கு வாந்தியில எல்லாம் வெளிய வந்துருச்சு. அவனுக்கு..."

செல்வி அழவில்லை. வையவும் இல்லை. மாடிக்கு ஏறிப் போய்ச் செருப்பை எடுத்துவந்தார். தண்ணீர் சொட்டிற்று. அதை அப்படியே கோவிந்தனின் கையில் வைத்தார்.

"மன்னிப்புகின்னிப்புன்னு எங்கிட்ட வராத. இனிமே இத நீ கழுவு. வாராவாரம் நீ கொண்டாந்து வை. நீ வரலன்னா அவுரும் வர மாட்டாரு, பாத்துக்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அச்செருப்பைப் பறித்து எறிந்துவிட்டு, கோவிந்தனைத் தேற்றி அனுப்பிவிடலாம் என்று என் கை நீண்டது. செவிலியனின் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. எப்படியோ அடக்கிக்கொண்டேன். அவர் படியேறி, செருப்பை மேற்படியில் முனைகள் அறையை நோக்க வைத்து, அருகில் தமதைக் கழற்றினார். உள்ளே போய்க் கதவோரத்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். குழுவின் வழக்கப்படி ஒருவரும் குறுக்கிடவில்லை.

இன்றும் அவர் குடியைத் தொடாமல், ஞாயிறுதோறும் அச்செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்குகிறார். "அதுக்கும் டிக்கெட்டு போடட்டாப்பா?" என்று கண்டக்டர் கேலி செய்தாராம். "போடுண்ணா, கூட வர ஆளுதான்" என்றாராம் இவர். பக்கத்து இருக்கையில் அன்று ஒருவரும் உட்காரவில்லையாம்.

நோயாளியின் அச்சத்தைப் போக்குவதே நம் தொழில் என்று பணிக்காலம் முழுவதும் நம்பியிருந்தேன். போக்கக் கூடாத அச்சமும் உண்டு. உங்களிடம் வருபவரின் அச்சம் இவற்றில் எது என்று பார்த்த பிறகே கையை நீட்டுங்கள்.