பூட்டு தொங்கிய மூன்று மணி நேரம்

எங்கள் பெட்ரோகெமிக்கல் ஆலையில் பூட்டக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஷிப்ட் பொறுப்பாளர். வயது ஐம்பத்து நாலு, இரண்டு முழங்காலும் தகராறு, வாய் மட்டும் நல்ல ஆரோக்கியம். எந்திரத்தைப் பழுது பார்க்கும் ஒவ்வொருவரும் அதன் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் மின்சாரம். அது எல்லா ஆலைக்கும் உள்ள விதி. அக்கா தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார்: பூட்டுக்குரியவனைக் கண்ணால் பார்க்காமல் பூட்டை வெட்டக் கூடாது.

"ஆளைப் பாத்தாதான் ஆள். மத்ததெல்லாம் வெறும் தகவல்," என்பார்.

இப்படிப்பட்டவர் வேலையை இழுத்தடிப்பார் என்று நினைத்தால் தப்பு. எந்திரத்தை நிறுத்தும் முன்பே உதிரி பாகம், ஸ்பானர், ஏணி எல்லாம் பக்கத்தில் வந்திருக்க வேண்டும் என்று எங்கள் உயிரை வாங்கி, எட்டு மணி நேர வேலையை ஐந்தாகக் குறைத்தவரே அவர்தான். ஃபிட்டரான நான் அவரைத் திட்டாத நாளில்லை. முதுகுக்குப் பின்னால்தான்.

அந்தப் புதன்கிழமை பெரிய டேங்கின் உள்ளே சுற்றும் துடுப்பைப் பழுது பார்த்தோம், நாலு பேர். வேலை முடிந்தது. மூடியை இருபத்து நாலு போல்ட் போட்டு இறுக்கினார்கள். மற்ற மூவரும் தங்கள் பூட்டைக் கழற்றினார்கள். எனக்குப் பசி. சாவியும் நானுமாக வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். போனில் சார்ஜ் இல்லை. வீடு மாறிப் பத்து நாளாகியும் ஆபீசில் புது விலாசம் கொடுக்கவில்லை. கேட்டில் யார் வந்தார், யார் போனார் என்று பதியும் அட்டைக் கருவியும் அன்றைக்கென்று படுத்துவிட்டது. ஒரு முட்டாளுக்கு இவ்வளவு வசதி அமைவது அபூர்வம்.

இரண்டு மணிக்கு டேங்கின் துடுப்பை ஓட்டப் போனால், என் பூட்டு தொங்குகிறது. பழைய வீட்டுக்குக் கார் போனது; கதவு சாத்தியிருந்தது. கேட் காவலாளி, "போயிட்டாருன்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

"வெட்டுங்க," என்றார் மேனேஜர்.

"கடைசியா டேங்கிலேருந்து ஏறினது யாரு?" என்று அக்கா கேட்டார். மூன்று பேரில் ஒருவருக்கும் நான் ஏறி வந்ததைப் பார்த்த ஞாபகம் இல்லை.

"மூடியைத் திறங்கப்பா."

"இருபத்து நாலு போல்ட்டும்மா! இதுக்கு நீங்க எழுத்துல பதில் சொல்லணும்," என்று மேனேஜர் கத்தினார்.

"சொல்றேன் சார்."

மூடி திறந்தது. காற்றைச் சோதித்தார்கள். இளவட்டங்கள் இறங்குகிறோம் என்று சொல்லியும் அக்கா விடவில்லை. என் பூட்டுக்குப் பக்கத்தில் தன் பூட்டை மாட்டிவிட்டு, அந்த முழங்காலோடு, விளக்கைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கினார்.

அதற்குள் டிரைவர் அக்கம்பக்கத்தில் விசாரித்து என் புது வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். "தூங்குறாரு," என்று என் மனைவி சொன்னதை அவன் நம்பவில்லை. "கண்ணால பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்கம்மா." என்னைச் சட்டைப் பொத்தான்கூடப் போடவிடாமல் காரில் ஏற்றினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. அக்கா டேங்கிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்து, என் தோளை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். பிறகு திட்டினார் பாருங்கள், எழுத முடியாது.

"பாத்தீங்களா? வீட்டுல குறட்டை விட்டிருக்கான். மூணு மணி நேர உற்பத்தி வீண்," என்றார் மேனேஜர்.

"வீண்தான் சார்," என்றார் அக்கா. "வீணாப் போனதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. செய்தி கேள்விப்பட்டு நான் அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"என்னாலதானேக்கா? பூட்டை வெட்டியிருக்கலாமே."

அக்கா கையிலிருந்த ஃபைலை மூடினார். "ஏணியில எறங்குறப்ப, உன் வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே எறங்கினேன்டா. அடி வரைக்கும் ஒரு வார்த்தை வரல," என்றார். "போ, போய் வேலையைப் பாரு."