அப்பாவுக்குக் கிழக்கை மறுத்தவர்கள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். வீட்டுக்கு மூத்த பெண் என்பதால் இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யார் மனமாவது நோகுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். ஒருவருக்கு நோகத்தான் வேண்டும்.

அப்பா பாகூர் பக்கம் பிறந்து, பிழைப்புக்கு ஒதியம்பட்டு வந்தவர். கூலிக்கு ஏர் ஓட்டி, பிறகு கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்து எங்களை வளர்த்தார். எழுத்துக்கூட்டியே வேதம் முழுவதும் படித்தவர். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. சபையில் அதுதான் வினையாயிற்று.

ஒரு சம்பா நடவு நேரத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, யுத்தமும் பஞ்சமும் வந்தாயிற்று, இந்த அறுப்புக்குள் உலகம் முடிந்துவிடும் என்றார். எங்கள் சபை மூப்பரும் அதற்கு ஆமென் போட்டார். தெருவே நடவை விட்டு ஜெபத்தில் உட்கார்ந்தது. அப்பா மட்டும் ஆராதனையில் எழுந்து நின்றார்.

"ஏசு அந்தச் சேதிய தன் எதிர்ல நின்னவங்களுக்குச் சொன்னாரு. அவங்க காலத்துலயே எருசலேம் கோயில் இடிஞ்சி, அது நடந்து முடிஞ்சி போச்சி. இனிமே பாக்கி அவர் வர்றதும், செத்தவங்க எழுந்திருக்கிறதுந்தான். அதுக்கு நாள் குறிக்க நாம யாரு? போயி நாத்த நடுங்கப்பா."

மூப்பர் அவரை வேதப்புரட்டர் என்றார். அறுப்புக் காலம் வந்தது. உலகம் இருந்தது. நெல் எங்கள் வயலில் மட்டும் இருந்தது. அதை அவர்கள் மன்னிக்கவேயில்லை. அப்பாவுக்கு இராப்போஜனத்தை, கர்த்தரின் அப்பத்தையும் ரசத்தையும், நிறுத்தினார்கள். அவரோ கடைசிவரை ஞாயிறு தவறாமல் போய்ப் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

காமாலையில் படுத்தவர் எழவில்லை. கல்லறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனபோதுதான் குழியைப் பார்த்தேன். எங்களில் கால் கிழக்கே இருக்க வைத்துத்தான் புதைப்போம். கர்த்தர் கிழக்கிலிருந்து வரும்போது எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் அல்லவா? அப்பாவுக்கு மட்டும் சுவர் ஓரமாக, தெற்கு வடக்காகக் குழி வெட்டியிருந்தார்கள்.

மூப்பர் சொன்னார்: "எல்லாம் முடிஞ்சி போச்சின்னவருக்குக் கிழக்கு எதுக்கு? எப்டி கெடந்தா இன்னா?"

அப்பா அப்படிச் சொல்லவேயில்லை. எழுந்திருப்பது பாக்கி என்றுதான் சொன்னார். எனக்கோ, அப்பா கர்த்தருக்குத் தோளைக் காட்டிக்கொண்டு எழுவாரோ என்ற கவலைதான். அத்தை, அப்பாவின் தங்கை, குழி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எங்கண்ணன் எழுந்திருப்பாரு. எந்தப் பக்கம் பாத்து எழுந்திருக்கணும்னு நீ சொல்லாத. இதுல எறக்கணும்னா மொதல்ல என்ன எறக்கு."

மூப்பர் பாட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். சபையும் பின்னாலேயே போயிற்று.

அப்பாவோடு ஏர் ஓட்டிய ஊர்த்தெருக்காரர்கள், நம் வேதத்தைச் சேராதவர்கள், வெயிலில் வேறு குழி வெட்டினார்கள். கிழக்கு எது என்று கேட்டுக் கேட்டு வெட்டினார்கள். ஜெபத்தைத் தம்பி திக்கித் திக்கிச் சொன்னான்.

அந்த மண்வெட்டிக்காரர்களுக்கும் அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மூப்பருக்கும் இந்த மலர் ஒன்று போகிறது, நன்றிக்காக அல்ல. ஐயா, உங்கள் காலம் வரும்போது உங்களுக்குக் குறுக்கே வெட்டச் சொல்லமாட்டோம். கிழக்குப் பார்த்தே படுங்கள். ஆனால் ஒரு பிடி மண் போட எங்கள் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டோம்.