துண்டைக் காணோம்

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பெரும்பாறையில் தூறல். மேகம் ஜன்னல் கம்பிவரை இறங்கியிருந்தது. நான் மறந்துபோய் இடப்பக்கம் திரும்பிப் படுத்தேன். உடனே கூரைத் தகரம் வலப்பக்கமாக ஓடத் தொடங்கியது. அந்தத் தகரத்தில் முப்பத்தெட்டு நெளிவுகள் உண்டு. ஓடும்போது எண்ண வராது என்பதால் விநாடிகளை எண்ணுவேன். அன்று இருபத்திரண்டு. அதன்பின் கூரை நின்றது.

இலங்கையில் அட்டன் பக்கம் இன்னும் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து இந்த மலைகளில் தங்கிவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்து மாதமாக இப்படித்தான் தலைசுற்றல். வலப்பக்கம் மட்டும் படுக்கிறேன். எழுந்ததும் சுவரைத் தொட்டுக்கொண்டு முப்பது எண்ணுகிறேன். குனிந்து செருப்பு மாட்டுவதை விட்டுவிட்டேன். நடக்கும்போது தூரத்தில் ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அதைப் பார்த்தே நடக்கிறேன். இதற்கெல்லாம் பழகிவிட்டேன். பழகாதது தலைக்குள் இருக்கும் மூட்டம். காப்பித் தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதியவன் நான். இப்போது ஏழாவது மூட்டைக்கு அடுத்தது எட்டா, அதை ஏற்கெனவே எண்ணியாயிற்றா என்று நிற்கிறேன். புத்தி கலையத் தொடங்கிவிட்டதோ என்ற பயம். அதை என் மனைவி சரசுவிடம்கூடச் சொல்லவில்லை.

காது நரம்பு டாக்டர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மட்டும் வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வருவார். அக்டோபரில் இடமில்லை. நவம்பருக்குப் பதினேழாம் நம்பர் போட்டு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். நாற்பத்தோரு நாள் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். தவறவிட்டால் இன்னும் இருபத்தெட்டு நாள்.

பேருந்து வந்ததும், சரசு என் தோளிலிருந்த துண்டை உருவி ஜன்னல் வழியே எறிந்து இடம் போட்டாள். "வெரசா ஏறுங்க. மேகத்த எண்ணிக்கிட்டு நிக்காதீங்க!" இறங்கும் வழியெல்லாம் வளைவுகளை எண்ணினேன். பதினொன்றுக்குப் பிறகு விட்டுப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "டோக்கன் குடுங்கய்யா" என்றாள். சட்டைப் பையில் இல்லை. மணிபர்சில் இல்லை. குனிந்து பையைத் துழாவியதும் தரை சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "துண்டக் காணோம்மா" என்றேன்.

"துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடி வந்தீங்களாக்கும்!" என்று சிரித்தாள். "துண்டு இல்லாட்டி என்னங்கய்யா, சட்டைதான் போட்ருக்கீங்களே."

"துண்டில்லாம டாக்டர் பாப்பாரா?"

"அதெல்லாம் பாப்பாரு. டோக்கனக் குடுங்க."

"அதத்தானம்மா சொல்றேன், துண்டக் காணோம்!"

அவள் சிரிப்பு நின்றது. பக்கத்திலிருந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்தி, "பெரியவருக்கு நெனப்பு தப்புது போலக்கா" என்றாள். ஐந்து மாதமாக நான் யாரிடமும் சொல்லாததை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் சரசுவும் இல்லை. "பஸ்ஸுலதான் கெடக்கும், இருங்க" என்று துண்டைத் தேடிப் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டிருந்தாள்.

அட்டன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே துண்டு என்றால் சீட்டு. தோட்டத்து மருந்துச் சாலைக்குத் துண்டு இல்லாமல் போக முடியாது. எனக்கு ஒன்பது வயதில், காய்ச்சலோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்காகக் கணக்கப்பிள்ளையிடம் துண்டு எழுதி வாங்கி வந்தேன். ஓடையைத் தாண்டும்போது அதைத் தண்ணீரில் தவறவிட்டேன். மருந்துக்காரர் எங்களைத் திருப்பி அனுப்பினார். அம்மா மறுபடி மலையேறவில்லை, படுத்துவிட்டாள். அன்று அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், அதாவது அரைநாள் கூலி. அம்மா திட்டவில்லை. "எத்தன தரம் மடிச்ச?" என்று மட்டும் கேட்டாள். நான் மடிக்கவேயில்லை. பத்தொன்பது வயதில் இங்கே வந்தபின் துண்டு என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், அதனால். நாற்பத்தாறு வருட மணவாழ்க்கையில் சரசு அதை என் வாயிலிருந்து கேட்டதேயில்லை. தலை தெளிவாக இருந்தவரை இந்த ஊர்ச் சொல் வந்தது. மூட்டம் இறங்கியதும் முதலில் கற்றது வெளியே வந்துவிட்டது.

வரிசையில் பின்னாலிருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, அவரு சீட்டத்தான் துண்டுங்குறாரு. எங்க மாமியாரும் சிலோன்தான், ரேசன் கார்டயே துண்டும்பாங்க." பிறகு என்னைப் பார்த்து, "நம்பர் நெனப்பிருக்காங்க?" என்றாள்.

"பதினேழு."

மேசைப் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். பதினேழில் என் பெயர் இருந்தது. "மன்னிச்சிருங்கய்யா" என்று முகம் சிவக்கச் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டர் என் தலையைப் பிடித்து இடப்பக்கமாகச் சாய்த்தார். அறை சுழன்றது, பத்தொன்பது எண்ணினேன். காதுக்குள் சில துகள்கள் இடம் மாறிக் கிடப்பதாகச் சொல்லி, தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி வைத்தார். மூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தலைசுற்றலுக்கு நான் போட்டுவந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். "மூணு வேளையும் அஞ்சு மாசமா இதயே போட்டா யாருக்குமே மந்தமாத்தான் இருக்கும். சரி, நூறுலருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க." அறுபத்தைந்தில் "போதுங்க" என்றார். நான் நிறுத்தவில்லை. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று போய், இரண்டில் வந்துதான் நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்; நல்ல மனிதர். மாத்திரையைக் குறைத்து, மதுரையில் ஒரு பரிசோதனைக்கும், டிசம்பர் ஒன்பதாம் தேதி திரும்ப வரவும் சீட்டு எழுதிக் கொடுத்தார். மீண்டும் இருபத்தெட்டு நாள். ஆனால் இதை எண்ணிவிடலாம்.

வெளியே சரசு மூச்சிரைக்க நின்றாள். "பஸ்ஸு திண்டுக்கல் போயிருச்சுங்க. இந்தாங்க, புதுசு" என்று ஒரு துண்டை நீட்டினாள். அதன் நுனியைப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது: தொலைந்துவிடக் கூடாது என்று விடியற்காலையில் சீட்டை நாலாக மடித்துப் பழைய துண்டின் நுனியில் நானே முடிந்து வைத்திருந்தேன்.

சொன்னேன். சரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் தேடிப் போனதும் அந்தத் துண்டத்தான!"

திரும்பும் பேருந்தில் அவள் புதுத் துண்டை எறிந்து எனக்கு இடம் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்து, டாக்டரின் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு மலை ஏறினேன். பதினொன்றாம் வளைவில் நோட்டை எடுத்து அன்றைய செலவில் "துண்டு 1" என்று எழுதினேன். நாளைக்கு இதைப் படித்து நானே குழம்பக் கூடாதே. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: தோளில் போடும் துண்டு, ஒன்று, நூற்று நாற்பது ரூபாய்.