கொடிக்குள் இறங்காதீர்கள்

அடிலெய்டில் வேனைக் கிளப்பியதிலிருந்து ஆர்லீன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு வேணா குடிங்க, எங்க வேணா பாடுங்க. திராட்சைத் தோட்டத்துக்குள்ள மட்டும் கால வைக்காதீங்க."

வேன் முழுக்கத் தலையாட்டியது. ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பரோசா என்ற திராட்சைப் பள்ளத்தாக்கில் பிறந்து அடிலெய்டில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் போனபின் தன் ஊருக்கே சுற்றுலா வேன் ஓட்டுகிறாள். வேறு மாநிலத்து மண்ணில் இருக்கும், வேரை உறிஞ்சும் வேர்ப்பேன் என்ற பூச்சி செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், கொடி செத்துவிடும், மருந்தே கிடையாது. இதை இவர்களிடம் சொல்வதற்குச் சுவரிடம் சொல்லலாம். சுவர் கையில் கோப்பையோடு "சோ ஸ்வீட்" என்று சொல்லாது.

மதியம் அவர்கள் நிறுத்திய மதுக்கூடத்தை ஒட்டி ஆர்லீனின் தம்பி க்ளிஃபின் தோட்டம். கொள்ளுத்தாத்தா நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள். இலையெல்லாம் பழுத்துப் பொன்னாக நின்றன. வேனில் வந்த ப்ரிஜெட் என்ற சிட்னிக்காரி தொப்பியைப் பிடித்துக்கொண்டு கம்பி வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

"தாயே, வெளிய வாம்மா!"

"ஒரே ஒரு போட்டோங்க."

"எல்லாருக்கும் ஒரே ஒரு போட்டோதான்!"

ஆர்லீன் கம்பியைத் தாண்டி ஓடினாள். வரிசையின் பாதிவரை போய் முழங்கையைப் பிடித்து அவளை இழுத்து வந்தாள். க்ளிஃப் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான்.

"இந்தச் செருப்போட இதுக்கு முன்னால எந்தத் தோட்டத்துக்குப் போனீங்க?"

"நேத்து சாயங்காலம் அடிலெய்டுல வாங்கினதுங்க. இன்னிக்குத்தான் போடறேன்."

"நல்லாக் கேளுடா! காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்தறேன்."

க்ளிஃப் அக்காவின் காலைப் பார்த்தான். பூட்ஸின் தையலில் மண் காய்ந்திருந்தது.

"போன வாரம் எல்லை தாண்டி விக்டோரியாவுக்கு நடீனைப் பாக்கப் போனியே. இதப் போட்டுக்கிட்டா?"

"மக வீட்டுக்கு வேற எதப் போட்டுக்கிட்டுப் போவாங்க?"

"தோட்டத்துக்குள்ள போனியா?"

"வீட்டுக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தாள். வீட்டுக்குப் பின்னால் திராட்சைதான்.

"கழுவினியா?"

"தொடைச்சேன்."

"தொடைச்சாளாம்."

அதற்குமேல் அவன் திட்டவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். டிராக்டரிலிருந்து பிளாஸ்டிக் பை கொண்டுவந்து நீட்டினான். சரளைக்கல்லில் நின்று பூட்ஸைக் கழற்றி அதில் போட்டாள்.

"பேன் இருக்குமாடா?"

"கோடையில வேரைத் தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"தெரியாது."

வெறும் காலுறையோடு வேனில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பவில்லை. வரிசைக்குள் க்ளிஃப் குனிந்து, அவள் கால் பட்ட இடமெல்லாம் பார்த்துக் கொடிக்குக் கொடி அடையாளத்துக்கு மஞ்சள் நாடா கட்டிக்கொண்டிருந்தான். பாதி வரிசை. அவள் ஓடியிருக்கவே வேண்டாம்.

"இன்னொரு மதுக்கூடம் போக நேரமிருக்குங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வாய மூடிக்கிட்டு இருங்க," என்றாள் ஆர்லீன். "அவன் கட்டி முடிக்கட்டும்."