விக்னராஜா கேட்கப் போன பாட்டு

சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதுதான் விக்னராஜாவின் வேலை. இருபத்தாறு வருடமாகத் தள்ளுகிறார். ஆபரேஷனுக்குப் போகிறவர் பயந்து கிடந்தால் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுப்பார். ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர் என்றால், படுத்தபடியே, "அயன்பார்க் ரோட் பாட்டுத்தானே?" என்று கேட்டுவிடுவார். பிறகு பயமாவது மண்ணாவது! இருவரும் பாடிக்கொண்டே லிஃப்டுக்குள் போவார்கள்.

அயன்பார்க் ரோட் நாலு பேர் சேர்ந்த ராக் இசைக்குழு. கோதுமை விளையும் சின்ன ஊரொன்றில், செம்மறிக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் பாடத் தொடங்கியவர்கள். மினுக்குச் சட்டை கிடையாது, மேடையில் புகை கிடையாது. இரண்டு கிட்டார், டிரம்ஸ், ஒரு மவுத் ஆர்கன். லொறி ஓட்டுகிறவனையும் மழைக்குக் காத்திருக்கிறவனையும் பற்றிப் பாட்டுகள். எண்பதுகளில் மைதானங்களை நிரப்பினார்கள். பிறகு காலம் மாறியது. டிரம்ஸ்காரர் குழாய் திருத்தப் போனார், மற்றவர்கள் முகம் பாராமல் பிரிந்தார்கள். தலை நரைத்த பின் கோபம் ஆறி, மறுபடி சேர்ந்து கிளப் கிளப்பாகப் பாடுகிறார்கள். அதே கட்டம் போட்ட சட்டை, வயிறு மட்டும் புதிது.

தொண்ணூற்றிரண்டில் சிட்னிக்கு வந்த விக்னராஜா, டயர் தொழிற்சாலை ரேடியோவில் 'ஹாஃப் எ லெட்டர்' என்ற அவர்களுடைய பாட்டைக் கேட்டார். பாதி இங்கிலீஷ் விளங்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, முடிக்க முடியாமல் எழும்புகிறவனைப் பற்றியது என்பது மட்டும் விளங்கியது. மிஷினுக்குப் பின்னால் நின்று அழுதார். அதை ஒருதரமாவது நேரில் கேட்க ஆசை. போகத்தான் வாய்க்கவில்லை: ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் பிள்ளைப்பேறு, அடுத்த வருடம் குழுவே இல்லை. இப்போது அவர்களுடைய கடைசிச் சுற்று. சிட்னியில் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. இனிமேல் இல்லை.

அதே ஞாயிறு மத்தியானம், சிட்னிப் புறநகரான கிரவீனில் நண்பர் சுபாங்கனின் மகள் பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. "சாப்பிடாமல் வெளிக்கிடேலாது," என்றார் மனைவி விமலாதேவி.

விக்னராஜாவும் அவசரப்படவில்லை. "மூண்டு மணி எண்டு போட்டால் நாலுக்குத்தான் தொடங்குவாங்கள். விளக்கேத்தி, தலைவர் உரை முடியவேணுமே!" என்று இன்னொரு கிண்ணம் பாயசம் வாங்கினார். எந்த ராக் குழு குத்துவிளக்கு ஏற்றியது என்று அவருக்கு யார் சொல்வது?

பட்டு வேட்டியும் சிவப்புக் கூறைச்சேலையுமாக நாலேகாலுக்கு இருவரும் கிளப்புக்குள் நுழைந்தபோது, குழு வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தார். முதல் பாட்டே அதுதானாம். முன்பெல்லாம் கடைசியில் பாடுவார்கள், இப்போது தொண்டை களைக்கும் முன்பே பாடிவிடுகிறார்களாம்.

விக்னராஜா கதிரையில் பொத்தென்று இருந்தார். முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. விமலாதேவி கைப்பையைத் திறந்து சாமத்தியவீட்டு அழைப்பிதழை எடுத்தார், அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார்.

"என்ன செய்யிறீர்?"

"பாட்டுக் கேட்டுத் துண்டு குடுக்கப்போறன். எங்கட இசைக்குழுக்களுக்குக் குடுக்கிறேல்லையே?"

"இஞ்ச அப்பிடி ஒருத்தரும் செய்யிறேல்ல, வெக்கக்கேடு!"

"நீங்கள் சும்மா இருங்கோ."

துண்டு முன்வரிசைக்காரரிடம் போனது. என்ன ஏதென்று தெரியாமலே ஆளுக்கு ஆள் கைமாற்றி மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். பாடகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்: "என் கணவர் இருபத்தாறு வருடமாக உங்கள் பாட்டை நோயாளிகளுக்குப் பாடுகிறார். நீங்கள் பாடி அவர் கேட்டதில்லை. பிந்தியது முழுக்க அவர் பிழை. தயவுசெய்து இன்னொருமுறை பாடுங்கள். இப்படிக்கு, சிவப்புச் சேலை."

சபை கொல்லென்று சிரித்தது. பாடகர் சிரிக்கவில்லை. "நாற்பது வருடத்தில் ஒரு பாட்டை ஒரே மேடையில் நாங்கள் இரண்டு தரம் பாடியதில்லை. எனக்குக் குரலும் போய்விட்டது," என்றார். டிரம்ஸ்காரர் அதற்குள் குச்சியைத் தூக்கிவிட்டார். "சரி, நீங்கள் எல்லோரும் சேர்ந்தால் பாடலாம்," என்றார் பாடகர்.

மவுத் ஆர்கன் எழும்பியது. சபையே பாடியது. விமலாதேவியும் எழுந்து நின்று பாடினார். சமைக்கிற குசினியிலும் காரிலும் "இந்த இரைச்சலை நிப்பாட்டுங்கோ" என்று முப்பது வருடம் திட்டியவர், ஒரு சொல் பிசகாமல், கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்.

பாடகர் அன்று எப்படிப் பாடினார் என்று கேட்டால் விக்னராஜாவுக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.