டைன் முகத்துவாரத்தில் ஒரு மண்டூர்க் குரல்

சனிக்கிழமை காலை நியூகாசிலில் பஸ் என்னை இறக்கிவிட்டது. லண்டனிலிருந்து இருநூற்றெண்பது மைல். வழி நெடுக, பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை யன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் மடியில் ஐஸ்கிரீம் டப்பா நிறைய மீன் ஆணம் இருந்தது. மட்டக்களப்பில் எங்கள் மண்டூரில் குழம்பை ஆணம் என்போம். எத்தனை பொலித்தீன் பை சுற்றினாலும் அது அடங்கி இருக்கிற சாமானா?

ஆணம் என் தம்பிக்கு. கப்பலில் வேலை செய்கிறவன். நான் அவனைக் கண்டு எட்டு வருஷமாகிறது. போன கிழமை ரொட்டர்டாமிலிருந்து ரெலிபோன் எடுத்தான்.

“அக்கா, கப்பல் வாற கிழம இங்கிலாந்துக்கு வருது, சனிக்கிழம வரைக்கும் நிக்கும். டைன் ஆறாம். வர ஏலுமா?”

“இதென்ன கேள்வி மனே? நடந்தெண்டாலும் வாறன்!”

அகதி வழக்கு முடியாததால் எனக்கு இந்த நாட்டை விட்டு வெளியே போக வழியில்லை. அவனுக்கோ கடலே வீடு. இரண்டு பேரும் ஒரே கரைக்கு வருவது இதுதான் முதல் தரம். அவன் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டும், குரலை நேரில் கேட்கவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

நியூகாசிலிலிருந்து பத்து மைல் கிழக்கே, டைன் ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிறது சவுத் ஷீல்ட்ஸ். மெட்ரோ ரயில் ஆற்றை ஒட்டியே போகிறது. ஒரு காலத்தில் பாதி உலகத்துக்கு நிலக்கரி அனுப்பிய துறைமுகம் இது. இப்போது வெளிநாட்டு நிலக்கரி இங்கே வந்து இறங்குகிறது. தம்பியின் கப்பலும் அதைத்தான் கொண்டுவந்திருந்தது. கப்பல் கட்டிய இடங்களில் புல் முளைத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னே கப்பலில் வந்து தங்கிவிட்ட யேமன் மாலுமிகளின் பேரப்பிள்ளைகள் தெருவில் கடை வைத்திருக்கிறார்கள். இங்கத்தைச் சனங்கள் முன்பின் தெரியாதவரையும் “பெட்”, அதாவது செல்லம், என்று கூப்பிடுகிறார்கள். யாரையும் மகனாக்கிவிடும் எங்கள் “மனே” மாதிரித்தான். தேத்தண்ணிக் கடைக்காரி அப்படிக் கூப்பிட்டதற்காகவே இன்னொரு தேத்தண்ணி வாங்கினேன்.

துறைமுக வாசலில் ஒரு காவல்காரர் நின்றார். சீருடையைக் கண்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டி, பையைத் திறந்து, ஆணம், சோறு, இறால் பொரியல், துவாய் எல்லாவற்றையும் நிலத்தில் வரிசையாகப் பரப்பிவிட்டேன். மட்டக்களப்புச் சோதனைச் சாவடிகளில் அப்படித்தான் பழக்கம். அந்த மனிசன் வெட்கப்பட்டு, “அம்மா, நான் ஒன்றும் கேட்கவில்லையே” என்று தானே குனிந்து பொறுக்கித் தந்தார்.

ஆனால் உள்ளே விடவில்லை. பாஸ் இல்லாமல் யாரும் போக முடியாதாம். தம்பியும் இறங்க முடியாதாம். இலங்கை ஆட்களை இறக்கினால் திரும்பி ஏறமாட்டார்கள் என்று கப்டனுக்குப் பயம். மண்டூரானே, முருகா! பாஸ் இல்லாமல் ஆமி அசையவிடாத ஊரிலிருந்து ஓடிவந்தால் பாஸ் எனக்கு முன்னே வந்து நிற்கிறது. வாசலிலேயே நின்று அழுதேன்.

அந்த நேரம் மாலுமிகளுக்குப் பத்திரிகையும் கம்பளிச் சட்டையும் கொண்டுபோகிற வான் ஒன்று வந்தது. ஓட்டியவர் வெள்ளைத் தாடிக்காரர். காவல்காரர் என் கதையைச் சொன்னார்.

“சாப்பாட்டை என்னிடம் தா, பெட். கையில் கொடுக்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு, கடல் நீர் வற்றத் தொடங்கியதும் கப்பல் வெளிக்கிடும். நீ ஆற்று வாயில் சிவப்பு வெளிச்சவீடு நிற்கிற கல் திட்டில் நில். கப்பல் அதை உரசுகிற மாதிரித்தான் போகும். உன் தம்பியைக் கப்பலின் மேல்தட்டில் நிற்கச் சொல்கிறேன்.”

நேரம் கிடந்தது. அக்கரையில் நோர்த் ஷீல்ட்ஸ். அங்கே போகும் படகில் ஒரு பவுண் கொடுத்து ஏறினேன். ஏழு நிமிஷப் பயணம், உடனே திரும்பினேன். பார்க்க ஒன்றும் இல்லை. துறையைக் கண்டால் ஏறாமல் இருக்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு மட்டக்களப்பு வாவியைத் தோணியில் கடக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அக்கரை சேர்ந்ததும் ஒருதரம் கூவவேண்டும். அது கேட்ட பிறகுதான் இக்கரையில் நிற்பவர் வீட்டுக்குத் திரும்புவார். தம்பி கூவினால் கொக்கெல்லாம் எழும்பும். ஆமி இளந்தாரிகளைப் பிடித்த சுற்றிவளைப்புகள் கூடிய காலத்தில் ஒரு விடியற்காலை அவனைத் தோணியில் ஏற்றி அனுப்பினோம். அக்கரைக் காவலரணில் ஆமி. சத்தம் கேட்டால் சுடுவான். அதனால் அவன் கூவவில்லை. நானும் அம்மாவும் வெயில் ஏறும்வரை நின்றோம். கொழும்பு போய்ச் சேர்ந்தான் என்று பிறகு கடிதம் வந்தது. இருந்தும் அம்மா இன்றைக்கும் பின்னேரத்தில் துறைக்குப் போய் நிற்கிறாவாம்.

கல் திட்டில் காற்று ஆளைத் தள்ளியது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தள்ளி நின்று இடம் தந்தார். மேகம் கறுத்த நேரம் கப்பல் ஆற்று வளைவில் தெரிந்தது. வெறுங்கப்பல், மலை மாதிரி உயர்ந்து வந்தது. தட்டுக் கம்பியோரம் செம்மஞ்சள் உடுப்பில் ஒருவன். மெலிந்துபோயிருந்தான். முன்னந்தலை மயிர் கொட்டியிருந்தது. எங்கள் அப்பாவின் நிற்பு. துவாயைக் கொடி மாதிரி வீசினேன். கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. எட்டு வருஷமாகப் பொத்திய வாய்.

அவன் இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

“அக்கோ...வ்!”

கடற்பறவைகள் எழும்பின. எனக்கும் குரல் உடைந்து வந்தது. “மனேய்! சாப்பிட்டயா?”

“சாப்பிட்டன்! ஆணத்துக்குப் புளி காணாதுகா!”

அடப்பாவி! எட்டு வருஷத்துக்குப் பிறகு சொல்ல, புளி போதாதென்பதுதான் கிடைத்ததா? சிரித்தேன், சிரிப்போடு அழுதேன். இன்னும் ஏதோ சொன்னான், காற்று கொண்டுபோய்விட்டது. இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கும் நடுவால் கப்பல் வெளிக்கடலுக்குப் போனது. செம்மஞ்சள் தெரியும்வரை நின்றேன்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டார் தூண்டில்காரர். சொன்னேன். “என் தம்பியும் இப்படித்தான்” என்றார்.

மெட்ரோவில் உட்கார்ந்தபோது வீடு என்று மனம் போனது லண்டன் அறைக்கு இல்லை, வாவிக்கரைக்கு. இந்த டைன் நல்ல ஆறுதான், சனங்களும் நல்ல சனங்கள். ஆனால் எங்கள் தோணி போனால் பின்னேரம் திரும்பி வரும். ஊருக்கு ரெலிபோன் கிடைக்க எத்தனை நாளாகுமோ. கிடைத்ததும் அம்மாவுக்கு முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்:

“தம்பி கூவினவன், அம்மா. நான் கேட்டன். இனி நீங்க துறையில நிக்காம வீட்ட போங்க.”